அந்தப் பிள்ளை எப்போது பக்கத்து வகுப்புக்குப் போகும்?

யாழ்ப்பாணத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பாக வரப்போகிற ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

வணக்கம். அந்தக் கதிரையில் இருக்கப்போவது யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாததும் நல்லதுதான். ஆளைத் தெரிந்தால் எங்களூரில் மடல் எழுதமாட்டோம், யாரையாவது பிடித்துச் சொல்லிவிடுவோம். நான் ஒரு கிராமத்துப் பாடசாலையின் விசேட கல்வி அலகில், அதாவது வலுவிழந்த பிள்ளைகளுக்கான தனி வகுப்பில், 19 வருடம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். எந்த வலயம் என்று சொல்லமாட்டேன். என்னோடு வேலை செய்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

முதல் கிழமையே உங்கள் மேசைக்குக் கணக்கு வந்துவிடும். எத்தனை அலகு, எத்தனை பிள்ளை, எத்தனை ஆசிரியர். நானும் வருடாவருடம் இப்படிப் படிவம் நிரப்பிக் கொடுத்தவள்தான். நான் நிரப்பியவற்றில் ஒரு கேள்வியை மட்டும் கண்டதில்லை: இந்த வருடம் அலகிலிருந்து எத்தனை பிள்ளைகள் சாதாரண வகுப்புக்குப் போனார்கள்?

அலகு என்பதே அதற்காகத்தானே. பிள்ளையை ஆயத்தப்படுத்தி, முடிந்த பாடத்துக்காவது மற்றப் பிள்ளைகளோடு கொண்டுபோய் இருத்துவதற்கு. ஆனால் 6 வயதில் வந்த பிள்ளை 14 வயதிலும் அதே அறையில், அதே யன்னலோரம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கதிரை மட்டும் பெரிதாக மாற்றிக் கொடுத்தோம்.

ஒரு பையன். வரும்போது வாய் திறக்கமாட்டான். 10 வயதில் எழுத்துக் கூட்டி வாசித்தான், கடன் வாங்கிக் கழிக்கவும் பழகிவிட்டான். கணித பாடத்துக்கு மட்டும் தரம் 4இல் இருத்துவோம் என்று அதிபரிடம் கேட்டேன். “ரீச்சர், அடுத்த வருஷம் அது ஸ்கொலஷிப் வகுப்பு. சராசரி இறங்கினால் ஆர் பதில் சொல்லுறது?” என்றார். அந்த மனிசனைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எங்கள் பள்ளிக்கூடப் படலைகளில் தொங்குவது என்ன? தரம் 5 ஸ்கொலஷிப் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளைகளின் படமும், க.பொ.த. சாதாரண தரத்தில் 9ஏ எடுத்தவர்களின் படமும். அவரை அளக்கிற கோல் அதுதான். அவர் கோலுக்குத் தக்கபடி நடந்தார். பையன் 14 வயதில் நின்றுவிட்டான். இப்போது தகப்பனோடு தோட்டத்தில் வெங்காயம் பிடி கட்டுகிறான். எண்ணித்தான் கட்டுவானாம். தாய் சந்தையில் கண்டபோது அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டா. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

சட்டம் இல்லை என்ற குறை எங்களுக்கு இல்லை. வலுவிழப்பைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. வலுவிழந்தோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. கட்டாயக் கல்வி வயது 16ஆக உயர்ந்ததும் அதே வருடம்தான். ஆனால் இந்த வயதுப் பிள்ளை பாடசாலையை விட்டு நின்றால் படலையைத் தட்டி ஏனென்று கேட்க ஆள் வரவேண்டும். அந்தப் பையனின் வீட்டுக்கு யாரும் போகவில்லை.

கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956 முதல் நடக்கிறது. கோண்டாவிலில் சிவபூமி பாடசாலை இருக்கிறது. இரண்டும் வலுவிழந்த பிள்ளைகளுக்கான தனிப் பாடசாலைகள். அவற்றின் அருமை எனக்குத் தெரியும். என் முறைப்பாடு, அவற்றைச் சாட்டாக வைத்து “அங்கே கொண்டுபோய்ச் சேருங்கோ” என்று கையை விரிக்கிறவர்களைப் பற்றியது. சுன்னாகம் வாழ்வகத்தைப் பாருங்கள். பார்வையற்ற பிள்ளைகள் அங்கே தங்கி, அயலிலுள்ள சாதாரண பாடசாலைகளில் படித்துப் பல்கலைக்கழகம் வரை போயிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் முடியாத காரியம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவரை ஒருநாள் சுன்னாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தீவகத்துக்கு வேறு கணக்கு. நெடுந்தீவிலிருந்து ஒரு தாய் பிள்ளையைப் பேச்சுப் பயிற்சிக்கு யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் குறிகட்டுவானுக்கு வள்ளம், பிறகு பஸ். அரை மணித்தியாலப் பயிற்சிக்கு ஒருநாள் கூலி போகும். மூன்றாம் முறை அவ வரமாட்டா. போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், ஊர்ப் பள்ளிக்கூடம் மாகாணத்தின் கீழ். இரண்டு பக்கத்துக்கும் கடிதம் எழுதி, மாதம் ஒருமுறையாவது பயிற்சியாளர் வள்ளம் ஏற வழிசெய்யக்கூடியவர் நீங்கள்தான். பிள்ளையை விடப் பயிற்சியாளர் வள்ளம் ஏறுவது லேசு.

இன்னொன்று, சின்ன விஷயம்போலத்தான் தெரியும். ஒரு ஆசிரியர் லீவு எடுத்தால் அந்த வகுப்புக்கு முதலில் அனுப்பப்படுவது அலகு ரீச்சர். “உங்களுக்கு எட்டுப் பிள்ளைதானே.” அந்த எட்டுப் பேரில் ஒருவன் நான் அறையை விட்டுப் போனாலே காதைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்குவான். அவனை அமத்தி இருத்த எனக்கு இரண்டு பாடவேளை போகும். சில கிழமைகளில் நான் என் அறையில் நின்றதைவிட தரம் 7இல் நின்றதுதான் கூட. விசேட கல்வி ஆசிரியரைப் பதில் பாடத்துக்கு எடுக்கக்கூடாது என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை போடுங்கள். ஒரு சதமும் செலவில்லை. பிறகு அந்தப் படிவத்தில் நான் கேட்ட கேள்வியையும் ஒரு வரியாகச் சேருங்கள். முதல் வருடம் எல்லாரும் பூச்சியம் என்று எழுதுவார்கள். பரவாயில்லை, எழுதட்டும். பூச்சியம் எழுதக் கை கூசவேண்டும்.

பாடசாலைகளைப் பார்க்க வரும்போது அறிவிக்காமல் வாருங்கள். அறிவித்தால் மாலை போட்டு, பிள்ளைகளுக்கு இரண்டு கிழமையாகப் பழக்கிய வரவேற்புப் பாட்டோடு உங்களை அனுப்பிவிடுவார்கள். ஒரு புதன்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு வந்து, நேரே அலகுக்குப் போங்கள். ரீச்சர் அங்கே இல்லாவிட்டால் எந்த வகுப்பில் நிற்கிறா என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலகு ரீச்சர்,
யாழ்ப்பாணம்