லடாக் போகும் முருகேசனுக்கு

கும்பகோணம்,
வைகாசி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் அதோடு மடித்து வைத்திருந்த பயணத் திட்டமும் வந்து சேர்ந்தன. உங்கள் கடைமடைப் பக்கம் தூர் வாரும் வேலை இன்னும் தொடங்கவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே அரசலாற்றில் பொக்லைன் நிற்கிறது, ஓடுகிறதா என்று கேட்காதே. மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்குள் முடித்துவிடுவோம் என்கிறார்கள், வழக்கம்போல.

நீயும் தங்கச்சியும் உன் மச்சானும் போகப்போகிற திட்டத்தைப் படித்தேன். இடங்கள் எல்லாம் சரி, வரிசைதான் தப்பு. முதல் நாள் விமானத்தில் லே, மறுநாள் கர்துங் லா (லா என்றால் கணவாய்), மூன்றாம் நாள் பாங்காங் ஏரிக்கரையில் கூடாரம் என்று போட்டிருக்கிறது. யார் போட்டுக் கொடுத்தாலும் சரி, அந்தத் தாளைக் கிழித்துப் போடு. லடாக்குக்குத் திட்டம் எழுதுகிறவன் முதலில் எழுத வேண்டியது ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பது. பகலில் எங்கே போகலாம் என்பதை அதற்குப் பிறகு எழுதினால் போதும்.

உங்கள் திருத்துறைப்பூண்டி கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே. லே 3,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. காற்றில் ஆக்சிஜன் அங்கேயும் அதே 21 சதவீதம்தான்; அழுத்தம் குறைவதால் ஒரு மூச்சுக்கு உள்ளே போகிற அளவு குறைந்துவிடுகிறது. உடம்பு அதைச் சரிக்கட்ட மூச்சை வேகப்படுத்தும், சிறுநீரை அதிகம் வெளியேற்றும், பிறகு மெல்ல ரத்தத்தை மாற்றிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும். வயலில் வெயிலோடு நிற்கிற உடம்பு, ஜிம்முக்குப் போகிற உடம்பு என்ற பாகுபாடெல்லாம் இதில் கிடையாது. திடமாக இருக்கிறோம் என்று நினைத்து அவசரப்படுகிற இளவட்டங்கள்தான் பெரும்பாலும் நோயில் விழுகிறார்கள். உன் மச்சானுக்கு இந்தப் பத்தியை மட்டும் தனியாகப் படித்துக் காட்டு.

கணக்கு இதுதான்: 3,000 மீட்டரைத் தாண்டியபின் ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு ராத்திரி. பகலில் உயரம் போய்விட்டுக் கீழே வந்து படுப்பதில் அவ்வளவு ஆபத்தில்லை.

அதனால் விமானம் வேண்டாம், ஸ்ரீநகர் வழியாகப் போ. சென்னை சென்ட்ரலிலிருந்து கட்ரா வரை ரயில் இருக்கிறது. 2025 ஜூனிலிருந்து கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் வந்தே பாரத் ஓடுகிறது, ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தின் மேலேயே போகும். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர். மறுநாள் ஜோஜி லா ஏறி இறங்கி, கார்கிலில் 2,676 மீட்டரில் படுக்கை. வழியில் திராஸ் போர் நினைவிடத்தில் அரை மணி நேரம் ஒதுக்கு. 1999-இல் படாலிக் பகுதியில் உயிர்விட்ட நம் திருச்சி மேஜர் சரவணன் பெயர் அங்கே இருக்கிறது. அதற்கு அடுத்த நாள் லேவுக்கு ஓடிவிடாமல் அல்ச்சியில் தங்கு. 3,100 மீட்டர்தான், ஆப்ரிகாட் மரத்தோப்பும் சிந்து நதியும் உண்டு. அங்குள்ள பழைய மடத்துச் சுவரோவியங்கள் எண்ணூறு வருஷத்துக்கு மேற்பட்டவை. உள்ளே விளக்கு கிடையாது, படம் எடுக்க விடமாட்டார்கள். சின்ன டார்ச்சோடு போய் நிதானமாகப் பார். அதன் பிறகு லே, இரண்டு ராத்திரி.

லேவிலிருந்து முதலில் நூப்ரா. கர்துங் லாவைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றாலும், ஹுண்டரில் படுப்பது 3,100 மீட்டரில்தான். கணவாயில் நெடுநாள் நின்ற பலகை 18,380 அடி என்று சொன்னது. அளந்து பார்த்த கணக்கு 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிகூட இல்லை. பலகையோடு படம் எடுத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் இறங்கிவிடு. அங்கே உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடுகிறவர்கள்தான் கீழே போய் வாந்தி எடுக்கிறார்கள். நூப்ராவிலிருந்து ஷியோக் ஆற்றங்கரையோரமாக வந்தால் தாங்ட்ஸே, 4,000 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஹுண்டரிலிருந்து பார்த்தால் 500-க்கு மேல் ஏற்றம்தான், ஆனால் லேவில் 3,500-இல் இரண்டு ராத்திரி படுத்த உடம்பு. அன்று ராத்திரி அங்கே. மறுநாள்தான் பாங்காங், 4,250 மீட்டருக்குக் கிட்டத்தட்ட. பிறகு சுஷுல் வழியாக ஹன்லே, சோ மோரிரி, மோரே சமவெளி, சர்ச்சு, மணாலி. சர்ச்சு 4,290 மீட்டர். மணாலியிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் ராத்திரியே அங்கே விடிவதுதான் அந்தச் சாலையின் பெரிய தொல்லை. எதிர்த்திசையில் பழகிய உடம்போடு இறங்கும் உங்களுக்கு அது வெறும் தங்குமிடம். ரோதாங் கணவாய் ஏற வேண்டியதும் இல்லை. 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கம் 9 கிலோமீட்டரில் அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும்.

நோய்க்குறிகளை வெட்கப்படாமல் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். தலைவலி, சாப்பாட்டில் வெறுப்பு, குமட்டல், அசதி, தூக்கம் கெடுவது எல்லாம் மலைநோயின் தொடக்கம். அங்கேயே நின்றுவிட்டால் ஒன்றிரண்டு நாளில் சரியாகும், மேலே ஏறினால் முற்றும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலோடு நுரையோ இளஞ்சிவப்புச் சளியோ வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது. பேச்சு குழறினால், நேர்கோட்டில் குதிகாலை முன்விரலோடு ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னால் தள்ளாடினால், மூளை வீங்குகிறது. இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே கீழே இறக்க வேண்டும். மலைநோய் வராமல் தடுக்க அசிடசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்று கேட்பார்கள், 125 மில்லிகிராம் காலை ஒன்று, மாலை ஒன்று, ஏறுவதற்கு முதல் நாளே தொடங்குவார்கள். விரல் நுனி மதமதக்கும், சோடா சப்பென்று இருக்கும், அடிக்கடி ஒன்றுக்கு வரும், பயப்பட வேண்டாம். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடக்கூடாது. தங்கச்சி பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறதால் டாக்டரிடம் காட்டாமல் இதை ஆரம்பிக்க வேண்டாம். கையடக்க ஆக்சிஜன் டப்பாவை வாங்கிக் குவிக்காதே, சில நிமிஷத்துக்கு மேல் வராது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் லேவில் முதல் நாள் 90-க்குக் கீழே காட்டினால் அதுவே நோய் ஆகிவிடாது. கை சில்லென்று இருந்தாலும் தப்பாகக் காட்டும். எண்ணைவிட ஆளைப் பார்.

தங்கச்சி சமையல் பற்றிக் கேட்டிருந்தது. லேவில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், பாங்காங்கில் இன்னும் இரண்டு குறைவு. திறந்த பாத்திரத்தில் அரிசி எவ்வளவு கொதித்தாலும் நடுவில் பருக்கை நிற்கும், துவரம் பருப்பு வேகவே வேகாது. குக்கர் கட்டாயம். ஆனால் குக்கரும் நம் ஊர் மாதிரி வேலை செய்யாது: இங்கே உள்ளே 121 டிகிரி என்றால் லேவில் 115 வாக்கில்தான். பொன்னிக்கு ஒன்றிரண்டு விசில் கூட வை, பருப்பை ஊறப்போட்டு வை, அடைத்த மூடியை அவசரப்பட்டுத் திறக்காதே. கும்பகோணத்திலிருந்து எடுத்துப்போகும் காப்பித்தூள் பாக்கெட் அங்கே பலூன் போல உப்பியிருக்கும். மூஞ்சிக்கு நேரே வெட்டினால் தூள் பறக்கும், ஊசியால் குத்திக் காற்றை விட்டபின் வெட்டு. தண்ணீர் சூடு குறைவு என்பதால் தூள் ஒரு ஸ்பூன் கூடப் போடு. தயிர் நம் ஊர் மாதிரி சீக்கிரம் உறையாது, அந்த ஆசையை விட்டுவிடச் சொல். துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பும் கம்பீர் என்ற அந்த ஊர் ரொட்டியும் வயிற்றுக்கு நல்லது. வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர் முதல் வாயில் ரசமாகத்தான் தோன்றும், குடிக்கக் குடிக்கப் பழகும்.

லேவில் ஓய்வு நாள் என்றால் அறையில் படுத்திருப்பது என்று எடுத்துக்கொள்ளாதே. உன்னைப் போன்றவனுக்கு அங்கே பார்க்க வேண்டியது அரண்மனையைவிட வாய்க்கால். நமக்கு வருஷத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை, லேவுக்கு நூறு. பனியாறு உருகி வரும் தண்ணீரை மலைச்சரிவில் வெட்டிய சின்ன வாய்க்காலில் கொண்டுவந்து, குட்டையில் தேக்கி, பார்லி வயலுக்கு முறை வைத்து விடுகிறார்கள். முறையைப் பார்க்க ஊரே ஓர் ஆளை அமர்த்துகிறது, சுர்பன் என்பார்கள், நம் நீராணிக்காரர்தான். மடை திறப்பதும் அடைப்பதும் கல்லாலும் புல்கரணையாலும். ஷட்டர் கிடையாது, அதனால் ஷட்டர் உடைந்தது என்ற புகாரும் கிடையாது.

அவர்களுக்கும் நம் கடைமடைத் தொல்லைதான். ஏப்ரல், மே மாதம் விதைக்க வேண்டும், பனியாறோ மிக உயரத்தில் இருப்பதால் ஜூனில்தான் உருகத் தொடங்கும். செவாங் நோர்பெல் என்ற பொறியாளர் குளிர்காலத்து ஓடைத்தண்ணீரை நிழல் விழும் சரிவுக்குத் திருப்பி, குறுக்கே கல்சுவர் எழுப்பி ஓட்டத்தைத் தணித்து, தாழ்ந்த உயரத்திலேயே உறைய வைத்தார். விதைப்புக்குச் சரியாக உருகி வரும். 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்னொரு லடாக் பொறியாளர் சோனம் வாங்சுக் அதையே கூம்பாக நிற்க வைத்தார். மேலேயிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் பம்ப் இல்லாமலே தன் அழுத்தத்தில் பீய்ச்சி, ராத்திரிக் குளிரில் உறைந்து கோபுரமாகிறது. கூம்பில் வெயில் படும் பரப்புக் குறைவு, அதனால் மெதுவாகக் கரையும். நீ போகிற மாதத்தில் ஐஸ் இருக்காது, குழாயையும் சுவரையும் பார்க்கலாம். மச்சான் ஏற ஆசைப்படுகிற 6,153 மீட்டர் ஸ்டோக் காங்ரி 2020-லிருந்து மூடியிருக்கிறது. அடியில் இருக்கும் ஸ்டோக் கிராமத்துக்கு அந்தப் பனியாறுதான் தண்ணீர், கூட்டம் அதை நாசமாக்கிவிட்டது. மூடியது சரிதான் என்பேன்.

தண்ணீர் என்றதும் கழிவறை நினைவு வருகிறது. கிராமத்து வீடுகளில் உலர் கழிவறை. மண்ணும் சாம்பலும் தள்ள வேண்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது. ஊற்றினால் மக்காமல் நாறும், அடுத்த வருஷ எருவும் போச்சு. கழுவிக்கொள்வதை வெளியே வைத்துக்கொள்ளச் சொல்.

மச்சானின் புல்லட் விஷயம். ரயில் பார்சலில் அனுப்பினால் டேங்கில் பெட்ரோல் இருக்கக்கூடாது, ஆர்.சி. நகல் வேண்டும். சொந்த வண்டி என்றால் லடாக்கில் எங்கும் ஓட்டலாம். ஸ்ரீநகரிலோ மணாலியிலோ வாடகைக்கு எடுத்த பைக்கையும் காரையும் நூப்ரா, பாங்காங் பக்கம் உள்ளூர் சங்கத்தார் விடமாட்டார்கள், லேவில்தான் எடுக்க வேண்டும். நீங்கள் இருவரும் அங்கே உள்ளூர் டாக்ஸியில் ஏறிக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் என்ற கணக்கில் எஞ்சின் இழுவை குறையும். ஏற்றத்தில் பாதி கிளட்சில் நிறுத்தி நிறுத்தி ஏறினால் கிளட்ச் பிளேட் கருகும், முதல் கியரிலேயே விட்டுவிட வேண்டும். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பிளக், டியூப் இரண்டு, செயின் ஸ்ப்ரே கையில் இருக்கட்டும். மணாலி திசையில் பெட்ரோலுக்கு லேவையோ அதைத் தாண்டி வரும் காரு என்ற ஊரையோ விட்டால் நெடுந்தூரம் எதுவும் இல்லை. ஐந்து லிட்டர் கேனில் தனியாக வேண்டும். ஓடைகள் பனி உருகி வருவன, மதியத்துக்கு மேல் முழங்காலுக்கு ஏறும், காலையில் கணுக்கால்தான். பாங்காங் சாலையில் பாகல் நாலா, அதாவது பைத்தியக்கார ஓடை என்றே ஒன்றுக்குப் பெயர். காலை பத்துக்குள் கடந்துவிட வேண்டும். இறங்கிய பிறகு கியர் மாற்றாமல் ஒரே ஆக்சிலரேட்டர். நடுவில் அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக் கரையேற்று. சைலன்சர் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கும்.

ஹன்லேயில் இரண்டு மீட்டர் தொலைநோக்கி 4,500 மீட்டரில் நிற்கிறது. நடத்துவது நம் காவலூர், கொடைக்கானல் ஆய்வகங்களை நடத்தும் அதே பெங்களூரு நிறுவனம். வானம் இருட்டாக இருக்கவேண்டி 2022-இல் அந்த வட்டாரத்தையே காப்பகமாக அறிவித்தார்கள். ராத்திரியில் ஹெட்லைட்டைத் தாழ்த்து, டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டு. அமாவாசையை ஒட்டிப் போகிற மாதிரி நாள் பார். அங்கிருந்து உம்லிங் லா, 5,798 மீட்டர், பாதிக் காற்று. தங்கச்சியை அழைத்துப்போக வேண்டாம்.

சில்லறை விஷயங்கள்: நம் ஊர் பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறுங்கள். ரொக்கம் லேவிலேயே எடுத்துக்கொள். உதடு வெடிக்கும், வாசலின் போதும். அனுமதிச் சீட்டு, சுற்றுச்சூழல் கட்டண விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் வாரம் லே நிர்வாக இணையதளத்தில் பார்த்துக் கட்டிவிட்டு நாலைந்து நகல் எடு, சோதனைச்சாவடிக்கு ஒன்று கேட்பார்கள்.

நாள் என்று கேட்டால் ஆவணி. குறுவை நட்டு இரண்டாம் மேலுரமும் போட்டுக் கிளம்பினால் அறுப்புக்கு முன் வந்துவிடலாம், மணாலிச் சாலையிலும் மண்சரிவு குறையத் தொடங்கியிருக்கும். மச்சானிடம் வண்டி கார்புரேட்டரா, இன்ஜெக்ஷனா என்று கேட்டு எழுது. கார்புரேட்டர் என்றால் ஒரு அளவு சின்ன ஜெட் தேவைப்படும், இங்கே பட்டறையில் சொல்லி வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
கோவிந்தன்