வேகத்துக்குப் பின்னால் உள்ள உழைப்பு

ஆசிரியருக்கு,

‘எஸ்.ஆர்.71’ உளவு விமானம் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, 1976-இல் அது மணிக்கு 3,529 கி.மீ. வேகத்தில் பறந்த சாதனையையே பெரிதாகப் பேசியது. சரி, ஆனால் அந்த வேகத்தைத் தாங்கிய டைட்டானியம் என்ற உலோகத்தை வசப்படுத்தியதுதான் பெரிய சாதனை. அந்த விமானத்தின் முன்னோடியான ‘ஏ-12’ உருவான, அமெரிக்க விமான நிறுவனம் லாக்ஹீட்டின் பர்பாங்க் ஆலையில், கோடையில் போட்ட பற்றவைப்புகள் சீக்கிரமே விட்டுப்போயின. டைட்டானியப் பாகங்களைக் கழுவிய ஊர்த் தண்ணீரில் கோடைக்காலத்தில் கூடுதலாகக் கலந்த குளோரின்தான் காரணம்! காட்மியம் என்ற உலோகம் பூசிய ஸ்பேனர் பட்ட போல்ட்டுகள், சூடேறியதும் தலை கழன்று விழுந்தன.

லேத் பட்டறையில் டைட்டானியம் கடைந்தவன் நான். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலே டூல் முனை கருகிவிடும். இந்த விவரங்கள் ரகசியம் நீங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் தொழிலாளர்கள் பட்ட பாட்டைத் தனிக் கட்டுரையாக வெளியிட்டால் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் பயன்படும்.