வாசல் வீட்டுக்குச் சிமெண்டு ஆகாது

பெர்த்ஷயர்,
ஸ்காட்லாந்து.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நலம். அங்கு அனைவரும் நலமா?

நான் அனுப்பிய படத்தில் இருப்பது ஜமீன் மாளிகையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அது வாசல்காரர் குடியிருந்த வீடு. கேட் லாட்ஜ் என்பார்கள். மாளிகை அங்கிருந்து மரங்களுக்குள் வெகுதூரம் தள்ளி இருக்கும். வண்டிச் சத்தம் கேட்டதும் இரும்புக் கதவைத் திறக்க ஆள் வேண்டுமே, அதற்காக ஒரு குடும்பத்தையே வாசலில் குடிவைத்தார்கள். கூடத்துச் சன்னல் மூன்று முகமாகச் சுவரைவிட்டு வெளியே நிற்கிறது பாருங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே சாலையும் உள்பாதையும் தெரியத்தான் அந்த ஏற்பாடு.

இவற்றில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. லௌடன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1833-இல் சிறு வீடுகளுக்கான மாதிரி வரைபடங்களைத் தொகுத்து வெளியிட்டார். அந்த மாதிரி, கூரை விளிம்பில் மரச் செதுக்கலும் சன்னலில் சாய்சதுரக் கண்ணாடியுமாகக் கட்டியவை ஒரு வகை. டேவிட் பிரைஸ் போன்ற கட்டடக் கலைஞர்கள் பரப்பிய கோட்டைப் பாணி இன்னொரு வகை. அதில் முக்கோணச் சுவரின் சரிவு படிப்படியாக ஏறும்; மூலையில் கூம்புக் கூரையோடு குட்டிக் கோபுரம் ஒன்று இருக்கும்.

செலவெல்லாம் சாலையில் போகிறவர் கண்ணுக்குத்தான். முகப்புக்கு இழைத்த மணற்கல், பின்பக்கத்துக்குக் கரடுமுரடான கல். உள்ளே இரண்டு மூன்று அறைகள். இருந்தாலும் ஒரு கொத்தனாரின் கைத்திறனைப் பார்க்க வேண்டுமென்றால் நான் பின்சுவரைத்தான் காட்டுவேன்.

சுவர் ஏறக்குறைய 600 மி.மீ. கனம். இரண்டு முகமும் கல், நடுவில் சல்லியும் சுண்ணாம்பும். நனைந்த சுவர், கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சுண்ணாம்பு மூட்டு வழியாக உலரும். இதைப் பாழாக்குவது சிமெண்டு. பழைய மூட்டில் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் வழியாக வரும். பனிக்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரிந்து, மணற்கல்லின் முகம் ஏடு ஏடாக உரியும். சில வருடத்தில் கல் உள்வாங்கிப்போய், சிமெண்டு மூட்டு மட்டும் சட்டம் போல நிற்கும்.

சரிசெய்ய, உளியால் மூட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். கட்டர் வைத்தால் கல்லின் விளிம்பு போய்விடும். மூட்டின் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது ஆழம் வேண்டும், 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தூசியைக் கழுவி, சுவரை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை அல்லது மூன்று பங்கு கரடான மணல் சேர்த்து அழுத்தி நிரப்ப வேண்டும். அகல மூட்டில் கலவையை மட்டும் அடைத்தால் வெடிக்கும். சிறு கல் சில்லுகளைச் செருகுங்கள். கொஞ்சம் இறுகியதும் தூரிகையால் குத்திவிட்டு, ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சுண்ணாம்பு வேலை கிடையாது. சுண்ணாம்பு வேலை பழகிய உங்களுக்கு இதில் புதிதாக இருக்கப்போவது அந்தக் குளிர் ஒன்றுதான்.

கூரை ஸ்லேட் கல். ஸ்காட்லாந்தின் பாலாஹுலிஷ் என்ற ஊரிலிருந்த குவாரியின் கல்லுக்குத் தனி மதிப்பு. 1955-இல் அதை மூடிவிட்டதால் இடித்த கட்டடத்துக் கல்லைத்தான் தேடி வாங்க வேண்டும். பெரிய கல் கூரையின் அடியில், மேலே போகப் போகச் சிறிய கல். வெட்டும்போது பல அளவில் கிடைத்ததை வீணாக்காத வழி அது. கூரைப் பலகைமேல் நேரடியாக, பெரும்பாலும் தலைப்பக்கம் ஒரே ஆணியில் கல்லை அடிப்பார்கள். அதனால் உடைந்த கல்லை மாற்ற, பக்கத்துக் கல்லை ஆணியிலேயே சுழற்றி ஒதுக்கிக்கொள்ளலாம். கல் சரிந்தால் முதலில் ஆணியைப் பாருங்கள், துருப்பிடித்து அற்றுப்போயிருக்கும்.

வாசலுக்கே உரிய தொல்லைகள் வேறு. கதவின் இரும்புக் கீல் முளையைக் கல்தூணில் துளையிட்டு, ஈயம் உருக்கி ஊற்றிப் பதித்திருப்பார்கள். தண்ணீர் இறங்கினால் இரும்பு துருவேறி உப்பித் தூணைப் பிளக்கும். குளிர்காலத்தில் சாலைப் பனியைக் கரைக்கப் போடும் உப்பு, வண்டிச் சக்கரத்திலிருந்து தெறித்து அடிச்சுவரை அரிக்கும். தார் போடப் போடச் சாலை உயர்ந்து உள்தரையை எட்டிவிட்டால் சுவரடி எப்போதும் ஈரம்தான். அந்த இடத்தில் சுண்ணாம்பு பூசிப் பயனில்லை. மண்ணை வெட்டி இறக்கி, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்த பிறகே கரண்டியை எடுக்க வேண்டும்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
முருகேசன்