‘…ன் கதைகள்’: ஒரு பூட்டிய பீரோ தொடர்பாகத் திறந்த மடல்

எங்கள் மாவட்ட மைய நூலகத்தை நடத்தும் அலுவலர் அவர்களுக்கும், எந்த நூலுக்கு எந்த இடம் என்று முடிவு செய்யும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

பொருள்: முதல் மாடி, கண்ணாடி பீரோ, பூட்டு. திறந்துவிடக் கோருதல் தொடர்பாக.
பார்வை: இதே பொருளில் நான் கொடுத்த மூன்று மனுக்கள்.

மனுவாகக் கொடுத்தால் கோப்புக்குள் போய்விடுகிறது என்று மூன்று முறை கற்றுக்கொண்டதால், நான்காவது முறை ஊரறிய எழுதுகிறேன். பின்னணியை நான் சொல்ல வேண்டியதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக முதல் மாடிக் கூடம் எப்படிக் காலி செய்யப்பட்டது, அங்கிருந்த நாவல்கள் எந்த அறைக்குப் போயின, எதிலும் சேராமல் மிஞ்சிய கதைத் தொகுதிகள் எப்படி ஒரு கண்ணாடி பீரோவுக்குள் அடைபட்டன என்பதெல்லாம் உங்கள் கையெழுத்தில் நடந்தவை. அந்த பீரோவைப் பற்றி மட்டும்தான் என் பேச்சு.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியை அழைத்து வந்திருந்தேன். அவள் பீரோவின் முன் நின்று கண்ணாடி வழியாகப் புத்தகங்களின் முதுகை வாசித்துக்கொண்டிருந்தாள். தமிழ்ப் புத்தகங்களின் முதுகெழுத்துக்கு ஓர் ஒழுங்கு கிடையாது. ஒன்று மேலிருந்து கீழே இறங்கும், பக்கத்திலேயே இன்னொன்று கீழிருந்து மேலே ஏறும். ஒரு தலைப்புக்கு இடத்தோளில் தலையைச் சாய்த்தாள், அடுத்ததற்கு வலத்தோளில். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியபோதெல்லாம் துப்பட்டா நுனியால் துடைத்தாள். சிறையில் மனுப் போட்டு உறவுக்காரரைப் பார்க்க வந்தவர்கள் இப்படித்தான் நிற்பார்கள்.

மேலிருந்து இரண்டாவது தட்டில் ஒரு தடித்த புத்தகம். சிவப்புக் காலிகோ பைண்டிங். முதுகில் கையால் எழுதி ஒட்டிய தாளில் முன்பாதியைப் பூச்சி தின்றுவிட்டிருந்தது. எஞ்சியது ‘ன் கதைகள்’ மட்டும்.

“ஆச்சி, யாருடைய கதைகள்?” என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. பீரோவைத் திறக்கச் சொன்னோம். சீட்டு எழுதித் தர வேண்டும் என்றார் ஊழியர். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிவு எண் என்று மூன்று கட்டங்கள். பேத்தி யோசித்து, நேர்மையாக, முதல் கட்டத்தில் இப்படி எழுதினாள்: ‘ன் கதைகள் (சிவப்பு அட்டை, இரண்டாவது தட்டு, தடியானது)’. முக்கால் மணி நேரம் கழித்துச் சீட்டு திரும்பி வந்தது. குறுக்கே சிவப்பு மையில் ஒரு வரி: ‘முழுப் பெயர் எழுதவும்.’

ஐயா, முழுப் பெயர் தெரிந்தால் அவள் ஏன் கழுத்து வலிக்க அங்கே நிற்கிறாள்?

வீட்டுக்கு வந்தும் அவள் விடவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது இருவரும் உட்கார்ந்து ஊகித்தோம். தெனாலிராமன் கதைகளாக இருந்தால் அவ்வளவு தடிமன் இருக்காது. விக்கிரமாதித்தன் கதைகளாக இருக்கலாம். அப்படியானால் முப்பத்திரண்டு பதுமைகளும், முருங்கை மரத்து வேதாளமும், காடாறு மாதம் நாடாறு மாதம் என்று போகும் ஒரு ராஜாவும் அந்தத் தட்டில் மூச்சு முட்டிக் கிடக்கிறார்கள். மதனகாமராஜனாகவும் இருக்கலாம். பண்டித நடேச சாஸ்திரி 1886இலேயே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன புத்தகம் அது. ஒரு மந்திரி மகன் சொல்லும் பன்னிரண்டு கதைகள். அது ‘கதை’ என்று ஒருமையில்தான் அச்சாகும் என்று பேத்தியிடம் சொன்னேன். ஆனால் நூலக பைண்டர்கள் எழுதும் தலைப்புகளுக்கு ஒருமை பன்மை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

புதுமைப்பித்தன் கதைகளாகவும் இருக்கலாம் அல்லவா? அந்த அரைத் தலைப்பின் வேடிக்கையே இதுதான். ஒரு ‘ன்’னுக்குப் பின்னால் வேதாளமும் நிற்கலாம், வேதாளத்தைக் கேலி செய்தவரும் நிற்கலாம். அவர் கதையில் பிராட்வே முனையில் நிற்கும் கந்தசாமிப் பிள்ளையிடம் கடவுள் வந்து வழி கேட்கிறார். இருவரும் ஓட்டலுக்குள் போய்க் காப்பி சாப்பிடுகிறார்கள். பிறகு பிள்ளை நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளையே ஜீவிய சந்தாதாரர் ஆக்கிவிடுகிறார். இதைச் சொன்னபோது பேத்தி சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள். “அந்தப் புத்தகம்தான் எனக்கு வேண்டும்” என்றாள். எது அந்தப் புத்தகம் என்று தெரிந்துகொள்ள நீங்கள்தான் பூட்டைத் திறக்க வேண்டும்.

ஆகவே என் கோரிக்கையை முதல் முறையாக இங்கே எழுதுகிறேன்: தயவுசெய்து அந்த பீரோவைத் திறந்து, உள்ளே இருப்பவற்றைக் கை எட்டும் திறந்த அலமாரியில் வையுங்கள்.

இது ஏதோ ஒரு குழந்தையின் ஆசைக்காக என்று நினைக்க வேண்டாம். நானும் இதே வழியில் வந்தவள்தான். தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைத்துத் தரும் டிரங்க் ஆபரேட்டராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிளை நூலகத்தில், தையல் புத்தகம் தேடப் போன இடத்தில், புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ என்று ஒரு மெல்லிய தொகுதி கையில் பட்டது. யாரோ ஒரு பெண்ணின் குடும்பக் கதையாக இருக்கும், இரவுப் பணியில் தூக்கம் வராமல் இருக்க உதவும் என்று எடுத்துப் போனேன். தூக்கம் வரவில்லை என்பது உண்மை. எங்கிருந்து என்று தெரியாமல் ஒரு வாசனை வருகிறது அந்தக் கதையில். நள்ளிரவு தாண்டி சுவிட்ச் போர்டில் ஒரு விளக்கு எரிந்தபோது, காதில் மாட்டிய கருவியில் “எந்த ஊர் வேண்டும்?” என்று கேட்க எனக்குக் குரல் எழும்பவில்லை. பேய் இருக்கிறதா இல்லையா என்று கதை கடைசிவரை சொல்லாமலே எழுந்து போய்விட்டது. அதுதான் இந்த வகைக் கதைகளின் அழகு. நாவல் என்றால் எங்கேயாவது விளக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும். சிறுகதை நம்மைக் கேள்வி கேட்க விடாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடும்.

அன்று அந்தப் புத்தகம் பூட்டிய பீரோவில் இருந்திருந்தால் நான் சீட்டில் என்ன எழுதியிருப்பேன்? ‘தையல்’ என்றுதான் எழுதியிருப்பேன். கொடுத்திருப்பீர்கள், நன்றி சொல்லி வாங்கிப் போயிருப்பேன். மாயக் கதைகளைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க முடியாது. தடுக்கி விழுந்துதான் கண்டெடுக்க வேண்டும். தடுக்கி விழ அலமாரி திறந்திருக்க வேண்டும்.

இப்போது சாவியைப் பற்றி. முதல் முறை வந்தபோது, சாவி வைத்திருப்பவர் கிளை நூலகம் ஒன்றுக்கு மாற்றுப் பணியில் போயிருக்கிறார் என்றார்கள். இரண்டாம் முறை, அவர் வாரத்தில் செவ்வாயும் புதனும்தான் இங்கே வருவார் என்றார்கள். செவ்வாய்க்கிழமை வந்தேன், அவர் வந்திருந்தார், சாவி அந்தக் கிளையின் மேசை இழுப்பறையில் இருந்தது. என் பாட்டி சொன்ன கதையில் ராட்சசனின் உயிர் அவன் உடம்பில் இருக்காது. ஏழு கடல் ஏழு மலை தாண்டி, ஒரு மரப்பொந்தில், ஒரு கிளியின் கழுத்துக்குள் இருக்கும். அதைக் கேட்டபோது இப்படியும் ஒருவன் ஏற்பாடு செய்வானா என்று நினைத்தேன். அந்தக் கதை பொய்யில்லை என்று எனக்கு நிரூபித்தது உங்கள் நூலகம்.

மனுக்களுக்குப் பதிலே வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தது. மூன்று முறையும் ‘ஆவன செய்யப்படும்’ என்று வந்தது. விக்கிரமாதித்தன் வாய் திறந்து பதில் சொன்ன மறுகணம் வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறிவிடும். உங்கள் பதில் வந்த மறுகணம் என் கோரிக்கையும் அப்படித்தான் ஏறிக்கொள்கிறது. முருங்கை மரம் வரை நடந்து நடந்து எனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு எனக்குச் சண்டை இல்லை. என் தம்பி மகனும் அந்தக் கூடத்தில்தான் காலை எட்டு மணிக்கு இடம் பிடிக்கிறான். வீட்டில் மின்விசிறி கூட இல்லாத பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் அன்று ஓர் ஊழியர் என் பேத்தியிடம், “இதெல்லாம் பொய்க் கதை பாப்பா, பொது அறிவு படி” என்றாரே, அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது.

பொய் என்ற சொல்லைக் கேட்டு வெட்கப்பட வேண்டிய மொழி அல்ல நம்முடையது. உரைநடை நான்கு வகை என்று எண்ணும் தொல்காப்பியர், ‘பொருள் மரபு இல்லாப் பொய்ம்மொழி’ என்று அதில் ஒரு வகைக்கு இடம் ஒதுக்குகிறார். பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர் அதற்கு யானையும் குருவியும் நட்புப் பூண்ட கதையை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். யானைக்கும் குருவிக்கும் இலக்கணத்தில் இடம் கிடைத்துவிட்டது. உங்கள் கூடத்தில்தான் கிடைக்கவில்லை. இந்த நூற்பாவைப் பொதுத் தமிழ்த் தாளில் கேட்டாலும் கேட்பார்கள். அதைப் படிக்கவாவது பீரோவைத் திறந்து வையுங்கள்.

கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன், மன்னிக்க வேண்டும். கோரிக்கை பழையதுதான்: திறந்த அலமாரி, கை எட்டும் உயரம்.

உங்கள் நூலக வாசலில் மாலை போட்ட படத்தில் இருப்பவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் 1931இல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதை விளக்கும்போது, ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த காலத்தை நினைவூட்டுவார். மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. அதற்கு அவர் காட்டும் முதன்மையான வழி, வாசகர் தாமே உலவி எடுக்கும் திறந்த அலமாரி. சங்கிலி போய்ப் பூட்டு வந்ததை அவர் முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்வாரா என்று அந்தப் படத்துக்குக் கீழே நின்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

விடுதலைக்குப் பின் இந்த நாட்டில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல், நம் சென்னை மாகாணத்தில். அதே 1948இல்தான் புதுமைப்பித்தன் நாற்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். அந்தச் சட்டத்தின்படி வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக நானும் கட்டுகிறேன். போதாது என்று ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகவும் இருக்கிறேன். கடவுளுக்குக் கந்தசாமிப் பிள்ளை பத்திரிகையையாவது அனுப்பியிருப்பார்.

ஒரு வெளியூர்ச் செய்தி. போர்ஹெஸ் என்ற அர்ஜென்டினா எழுத்தாளர் புவெனஸ் ஐரிஸ் நகரில் ஒரு சாதாரணக் கிளை நூலகத்தில் உதவியாளராக இருந்தார். 1940இல் அவரும் இரண்டு நண்பர்களும், தங்களுக்குப் பிடித்த மாயக் கதைகளைப் பல நாடுகளிலிருந்தும் திரட்டி ஒரு தொகுதியாக வெளியிட்டார்கள். 1955இல் அவரே அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் இயக்குநர் ஆனார். உங்கள் ஊழியர்களிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அவரிடமாவது சாவியைக் கொடுங்கள்.

கீழ்த்தட்டில் கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம் இருப்பதைப் பார்த்தேன். தலையணை போன்ற தடிமனால் அதன் பெயர் மட்டும் தூரத்திலிருந்தே தெரிகிறது. கரிசல் காட்டில் வாய்வழியாக உலவிய கதைகள் அவை. கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள், சொன்னவர்கள் எல்லாரும் கொஞ்சம் மாற்றினார்கள். ஊர் ஊராகத் திரிந்தவற்றைப் பிடித்து வந்து பீரோவில் போட்டுப் பூட்டிவிட்டோம்.

புத்தகங்கள் காணாமல் போகும் என்பீர்கள். போகும்தான், சில போகும். கதைத் தொகுதி திருடுகிறவன் அதைப் படிப்பான் என்றாவது நம்பலாம். பூச்சிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அது ஏற்கெனவே ஒரு பெயரில் பாதியைத் தின்றுவிட்டது, உங்கள் பூட்டுக்கு உள்ளேயே இருந்துகொண்டு.

ஆகவே மூன்றாவது முறையாகவும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நான்கு தட்டுப் புத்தகங்களையும் வெளியே எடுத்து, மாடிப்படியை ஒட்டிக் காலியாக நிற்கும் இரும்பு அலமாரியில் அடுக்கிவிடுங்கள். ஆள் இல்லை என்றால் நானும் பேத்தியும் வந்து தூசி தட்டி அடுக்கித் தருகிறோம். ஒட்டுவதற்குத் தாளும் பசையும்கூடக் கொண்டுவருகிறோம்.

அதற்கு நாளாகும் என்றால் இப்போதைக்கு ஒரே ஓர் உதவி. சாவி வரும் நாளில், இரண்டாவது தட்டில் இருக்கும் சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து பார்த்து, யாருடைய கதைகள் என்று எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். முழுப் பெயரைச் சீட்டில் எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நூலகத்தின் புரவலர், ஓய்வு பெற்ற டிரங்க் ஆபரேட்டர்,
உடன், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி