அந்த சாகாவ இப்ப எடுக்காத மச்சான்

மச்சான்,

நல்லா இருக்கியா, அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லையா? மூணு மாசமா ஒரு மெசேஜ் கூட போடல, நேர்ல பாக்குறப்ப திட்டிக்க. தைப்பூசத்துக்கு பட்டர்வொர்த்துலேர்ந்து அப்பாவோட புரோட்டான் சாகா கார்லயே பத்துமலை வரேன்னு தங்கச்சி சொல்லுச்சு. வராத. பஸ்ல வா. தீபாவளிக்கு நான் மாட்டி விட்ட கார்புரேட்டர், அதான் இஞ்சினுக்கு பெட்ரோலையும் காத்தையும் கலந்து விடுறது, மேனுவல் காரோடது. அந்த ஆட்டோ கியர் காருக்கு ஆகாது.

இங்க செந்தூல்ல சித்தப்பா காருக்கும் அதே மாதிரிதான், ஹாஃப் கட் கடையில, அதான் பழைய கார் சாமான் விக்கிற கடையில, மேனுவல் காரோடத வாங்கி மாட்டுனேன், நியூட்ரல்ல நிமிஷத்துக்கு 800 சுத்து வச்சு டியூன் பண்ணேன், தச்சு வச்ச மாதிரி ஓடுச்சு. ஜாலான் ஈப்போ சிக்னல்ல பிரேக் போட்டா டப்புன்னு ஆஃப். மேனுவல்ல நிக்கும்போது கிளட்ச மிதிச்சிடுவோம், இஞ்சின் அது பாட்டுக்கு தனியா சுத்தும். ஆட்டோவுல டி கியர் போட்டு நின்னா, இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்குற கன்வெர்ட்டர்ல உள்ள எண்ணெயையும் சேர்த்துல்ல சுத்தணும், ஏர்கோனும் போட்டா கேக்கவே வேணாம். சரின்னு ஸ்க்ருவ முறுக்கி இஞ்சின் சுத்துற வேகத்த ஏத்துனேன், டி போட்டதும் டொக்குன்னு ஒரு இடி, பிரேக்க மீறி கார் முன்னால இழுக்குது.

இஞ்சின் நல்லா சூடேறி ஃபேன் ஒரு தடவ ஓடி நின்னதும் பெட்ரோல்-காத்து கலவைய மாத்துற மிக்ஸர் ஸ்க்ருவ சரி பண்ணிட்டு, சக்கரத்துக்கு செங்கல் வச்சு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சித்தப்பாவ பிரேக்க மிதிக்க சொல்லி, டி-ல வச்சுதான் ஐட்லிங், அதான் கால் வைக்காதப்ப இஞ்சின் சுத்துற வேகம், பாக்கணும். கடைசியில நியூட்ரல்ல 900, டி-ல 750ன்னு நின்னுச்சு. ஆட்டோ கார்ப்ல டேஷ்பாட்னு சின்ன டப்பா ஒண்ணு இருக்கும், கால எடுத்ததும் திராட்டில் பட்டுன்னு மூடாம மெதுவா விடும். நம்ம மாட்டுனதுல அதுவும் இல்ல.

இதெல்லாம் கூட போவட்டும் மச்சான். கியர்பாக்ஸ்லேர்ந்து ஒரு கேபிள் வந்துச்சே, மாட்ட எடம் இல்லன்னு நான் டை போட்டு ஓரமா கட்டுனேன், நீதான் டார்ச் புடிச்ச. நீ எவ்வளவு மிதிக்கிறன்னு கியர்பாக்ஸுக்கு சொல்றதே அந்த கேபிள்தான். அது இல்லன்னா உள்ள எண்ணெய் பிரஷர் ஏறாது, கியர் சீக்கிரம் மாறும், பாரம் இழுக்கும்போது கியர்பாக்ஸ் உள்ள இருக்குற கிளட்ச் பிளேட்டு வழுக்கி கருகிடும். சித்தப்பா காருக்கு கெந்திங் மலை ஏத்தத்துல அதான் ஆச்சு, இஞ்சின் கத்துது கார் நகரல, கியர்பாக்ஸ பிரிச்சா பிளேட்டு கன்னங்கரேல்னு இருக்கு. மனுஷன் என்ன ஒரு வார்த்தை சொல்லல, அதான் ரெண்டு ராத்திரி தூங்க முடியல.

அப்பா வச்சுட்டு போன கார்டா அது. கோயிலுக்கும் பசாருக்கும்தான் ஓடுதுன்னா இன்னும் ஒண்ணும் ஆகியிருக்காது, ஆனா இங்க வர்ற வழியில இருக்குற மெனோரா ஏத்தம் தாங்காது. ஆட்டோ கார்ப் ஒண்ணு கேபிள் பிராக்கெட்டோட 150 வெள்ளிக்கு எடுத்து வச்சிருக்கேன், பூசம் முடிஞ்சதும் உன்கூடவே பஸ் ஏறி வந்து நானே மாட்டுறேன். அம்மாகிட்ட இப்ப எதையும் சொல்லாத.

இன்னைக்கு ராத்திரியே இஞ்சின ஓடவிட்டு கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்க இழுத்து வெள்ளை டிஷ்யூல துடை. செவப்பா இருக்கா, இல்ல பழுப்பா தீஞ்ச வாடை அடிக்குதான்னு மோந்து பாரு. அந்த டிஷ்யூவ போட்டோ புடிச்சு அனுப்பு, முழிச்சிட்டுதான் இருப்பேன்.