நங்கநல்லூர் மகளிர் தையல் சங்கம்: 2024–25 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், மழை வெயில் பாராது இங்கு வந்து அமர்ந்திருக்கும் சில உறுப்பினர்களுக்கும் என் பணிவான வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் சங்கம் ஆற்றிய பணிகள் குறித்த அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

நிர்வாகக் குழு இவ்வாண்டு 9 முறை கூடியது. கோடை விடுமுறையில் சிறுமியருக்கான கைத்தையல் வகுப்பு நடைபெற்றது. ஆயுதபூஜையன்று இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுச் சுண்டல் விநியோகித்தோம். பொங்கலையொட்டித் துணிப்பைகள் தைத்து விற்றோம்.

குழந்தைகள் தினத்தை முன்னிட்டு, நம் பகுதி அங்கன்வாடியில் பயிலும் 12 பெண் குழந்தைகளுக்கு இளவரசி உடுப்பு தைத்துக் கொடுத்த பணி குறித்துச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. இதில் வீண்செலவு நடந்ததாக ஒரு பேச்சு உலவுவதை நான் அறிவேன். மாறுவேட உடுப்புகளை ஒருநாள் வாடகைக்கு எடுத்திருக்கலாமே என்று கேட்போருக்கு, வாடகை உடுப்பு மறுநாளே திரும்பிப் போய்விடும், தைத்த உடுப்பு அந்தக் குழந்தையிடமே இருக்கும் என்பதுதான் அன்றும் இன்றும் என் பதில். இளவரசி என்றால் பட்டுப்பாவாடை போதாதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். இன்னொருவர் இது பிரின்சஸ் கட் ரவிக்கையைப் பற்றிய பேச்சு என்றே கூட்டம் முடியும்வரை எண்ணியிருந்தார். குழந்தைகளிடம் கேட்டபோது அவர்கள் ஒரே குரலில் கேட்டது புஸ்ஸென்று நிற்கும் நீலக் கவுன்.

துணி வாங்க நானும் பொருளாளரும் பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கிக் கோடவுன் தெருவுக்குச் சென்றோம். மொத்த வியாபாரக் கடைகளில் முழுத் துணிச்சுருளாக எடுத்தால்தான் விலை படியும் என்பதால் நெட் துணி தேவைக்கு மேல் வாங்க நேர்ந்தது. வீண்செலவு என்று சொல்லப்படுவது இந்த மிச்சத்தைத்தான். அது கெட்டுப்போகும் பண்டமன்று.

முதல் உடுப்பை மாதிரிக்காக நானே தைத்தேன், அது தோல்வியில் முடிந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கவுன் விரிந்து நிற்பதற்காக உள்ளே வைத்த கடின நெட்டின் வெட்டுமுனை இடுப்பில் உறுத்தி, நான்கு வயதுக் குழந்தை இரண்டே நிமிடத்தில் அழுதபடி அதைக் கழற்றி எறிந்தாள். இடையைச் சுற்றிச் சிவந்த கோடு விழுந்திருந்தது. அதைப் பிரித்து, உடம்பில் படும் பகுதி முழுவதற்கும் பருத்தி லைனிங் கொடுத்து, இடுப்பு இணைப்பைப் பட்டைத் துணிக்குள் மடித்து மூடித் தைத்த பிறகு அதே குழந்தை அதை அணிந்தபடியே உறங்கிப்போனாள். மீதி 11 உடுப்புகளும் அந்த முறையிலேயே தைக்கப்பட்டன.

மேல்பாவாடை சாட்டின் துணியில் வட்டமாக வெட்டப்பட்டது. 44 அங்குல அகலத் துணியில் முழு வட்டம் விழாது என்பதால் இரண்டு அரைவட்டங்களாக வெட்டி இணைத்தோம். இடுப்புச் சுற்றளவை 6.28ஆல் வகுத்து ஆரம் காண வேண்டியதை, ஓர் உறுப்பினர் அவசரத்தில் 3.14ஆல் வகுத்துவிட்டபடியால் 21 அங்குல இடை 42 அங்குலமாகியது. அதைச் சுருக்குப் பிடித்துச் சரிக்கட்டியதில் அந்த ஓர் உடுப்பே எல்லாவற்றிலும் அழகாக அமைந்தது என்று பலரும் கூறியது வேறு கதை. வட்டப் பாவாடையில் துணி மூலைவாட்டில் வரும் இடங்கள் தொங்கித் தாழும் என்பதால் ஓர் இரவு முழுதும் தொங்கவிட்ட பிறகே அடியை வெட்டி மடித்தோம். தொங்கவிட்ட அன்றிரவு சன்னல்வழி எட்டிப் பார்த்த காவலாளி மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டார்.

உண்மையான உழைப்பு உட்பாவாடையில்தான் இருந்தது. ஓர் உடுப்புக்கு 42, 84, 168 அங்குல நீளத்தில் மூன்று அடுக்கு நெட். மொத்தம் 294 அங்குலம். 12 உடுப்புகளுக்கு ஏறத்தாழ 90 மீட்டர் சுருக்கு. இரண்டு வரிசை நீளத் தையல் போட்டு, பாபின் எனும் அடிக்கண்டின் நூலை அறுந்துவிடாமல் இழுத்து இழுத்து இதைப் பிடித்தவர்கள் என்னைச் சேர்த்து 5 பேர். நம் உறுப்பினர் பட்டியலில் 64 பெயர்கள் உள்ளன. அக்டோபர் 31 தீபாவளி வரை ரவிக்கை ஆர்டர்கள் இருந்ததை ஏற்கிறேன். ஆனால் தீபாவளிக்குப் பிறகு குழந்தைகள் தின விழா நடந்த நவம்பர் 17 வரையிலும் வராதவர்களுக்கு என்ன ஆர்டர் இருந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. பருவமழையில் மின்சாரம் நின்ற மாலைகளில் மோட்டார் இயந்திரங்கள் ஓய்ந்துவிட, பழைய கால்மிதி இயந்திரம் ஒன்றே கைகொடுத்தது. அதை எடைக்குப் போட்டுவிடலாம் என்று சென்ற பொதுக்குழுவில் முன்மொழிந்தவர் இன்று வரவில்லை.

வளரும் பிள்ளைகள் ஆயிற்றே, கொஞ்சம் தொளதொளவென்றே இருக்கட்டும் என்று தாய்மார்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, பக்கங்களில் ஒன்றரை அங்குலம் உள்துணி விட்டு, முதுகில் எலாஸ்டிக் வைத்தோம். நெட் துணியில் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், விழாவில் குத்துவிளக்கை மேடையின் மறுகோடியில், குழந்தைகள் வருவதற்கு முன்பே ஏற்றினோம். ஆண் குழந்தைகளுக்கு அட்டைக் கிரீடம் மட்டும் கொடுத்தது குறையே, அதை மறுக்கவில்லை.

வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகக் கூறின், வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்து வந்துள்ளன. உடுப்பு வகையில் ஒதுக்கீட்டைவிடச் சற்றுக் கூடியது, அது துணிப்பை விற்பனையில் பெரும்பாலும் ஈடுகட்டப்பட்டது. ஆண்டுச் சந்தா 300 ரூபாயை 27 பேர் இன்னும் செலுத்தவில்லை. பெயர்களை வாசிப்பது பண்பன்று. பட்டியல் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டுள்ளது.

தலைவர் அவர்களுக்கும், கணக்குத் தணிக்கை செய்தவருக்கும், விழாவுக்கு நாற்காலிகள் தந்தவருக்கும், விடுப்பிலிருந்து திரும்பிவிட்ட காவலாளிக்கும் நன்றி.

வரும் ஆண்டு குறித்து வெளிப்படையாகவே கூறுகிறேன். ஐந்து பேரால் இன்னொரு 90 மீட்டர் சுருக்குப் பிடிக்க இயலாது. புதியவர் எவரேனும் செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் சாவிக்கொத்தை இக்கணமே ஒப்படைப்பேன்; துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்திற்கு நூல் கோக்கும் வரிசையை ஒரு தாளில் எழுதியும் வைத்திருக்கிறேன். இதுவரை எவரும் கேட்கவில்லை. மிச்ச நெட் பீரோவின் மேல்தட்டில் உள்ளது. அங்கன்வாடியில் ஜூன் மாதம் புதிதாகச் சேரவிருக்கும் குழந்தைகளுக்கு அது போதுமானது, சாட்டின்தான் வாங்க வேண்டும். செவ்வாய், வெள்ளி மாலை 4 மணி முதல் 6 மணி வரை அறை திறந்திருக்கும். சந்தா செலுத்த வருபவர்கள் கண்ணாடியையும் கையோடு கொண்டுவந்தால் நலம்.

இங்ஙனம்,
செயலாளர்