ஒன்பது பேர்தான் உயிரோடு இறங்கினார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நொறுங்கிப்போன அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்றைச் சுடாமல் விட்ட ஜெர்மானிய விமானி ஃபிரான்ஸ் ஸ்டிக்லரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனதைத் தொடும்படி எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில், விமானத்தில் இருந்த பத்துப் பேரும் உயிரோடு திரும்பினார்கள் என்று இருக்கிறது. அது தவறு. ஒன்பது பேர்தான் உயிரோடு இறங்கினார்கள். வால் பகுதியில் துப்பாக்கியோடு இருந்த ஹியூ எக்கன்ரோட், ஸ்டிக்லர் அந்த விமானத்தை நெருங்குவதற்கு முன்பே இறந்துவிட்டார்.

இந்தத் திருத்தம் மட்டும் என்றால் நாலு வரியில் முடித்திருப்பேன். கட்டுரை முழுக்க ஸ்டிக்லர்தான் இருக்கிறார். உள்ளே இருந்தவர்கள் பட்ட பாடு இரண்டே வரியில் போய்விட்டது. 31 வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். அந்த இரண்டு வரியைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

அது 1943 டிசம்பர் 20. இங்கிலாந்தின் கிம்போல்ட்டன் தளத்திலிருந்து கிளம்பிய பி-17 விமானம், பெயர் ‘யே ஓல்ட் பப்’. பிரெமன் நகரில் இருந்த ஃபோக்-வுல்ஃப் விமானத் தொழிற்சாலைதான் இலக்கு. தலைமை விமானி சார்லி பிரவுனுக்கு வயது 21. தலைமைப் பொறுப்பில் அவருக்கு அதுதான் முதல் தாக்குதல் பயணம். குண்டு போடுவதற்கு முன்பே கீழிருந்து வந்த பீரங்கி வெடியில் விமானத்தின் கண்ணாடி மூக்கு சிதறிப்போனது. ஒரு இன்ஜின் நின்றது, இன்னொன்றும் அடிபட்டது. வேகம் குறைந்து கூட்டத்திலிருந்து பின்தங்கியதும் ஜெர்மானியப் போர் விமானங்கள் பத்துக்கும் மேல் சூழ்ந்துகொண்டு பத்து நிமிஷத்துக்கு மேல் சுட்டன.

அப்போது அவர்கள் இருந்த உயரம் எட்டு கிலோமீட்டருக்கும் அதிகம். வெளியே மைனஸ் 60 டிகிரி குளிர். பதினொரு துப்பாக்கிகளில் மூன்றுதான் வேலை செய்தன, மற்றவை இயங்கவே இல்லை. விமானத்தின் வயிற்றுக்கு அடியில் தொங்கும் உருண்டைக் கூண்டுக்குள் மடங்கி உட்கார்ந்திருந்தவர் சாம் பிளாக்ஃபோர்ட். உடம்பைச் சூடாக வைக்கும் மின் உடையில் கம்பி ஷார்ட் ஆகி, அவருடைய பாதங்கள் உறைந்துவிட்டன. ரேடியோ பார்த்த பெச்சூட்டுக்குக் கண்ணில் அடி. பிரவுனுக்கே தோளில் காயம். பக்கவாட்டுத் துப்பாக்கியில் இருந்த அலெக்ஸ் யெலசாங்கோவுக்குக் காலில் மிக மோசமான காயம்.

யெலசாங்கோவுக்கு வலி தெரியாமல் இருக்க மார்ஃபின் போட வேண்டும். அந்தக் காலத்துப் போர்க்கள மார்ஃபின், சின்ன பற்பசைக் குழாய் மாதிரி இருக்கும், நுனியில் ஊசி. குத்திப் பிதுக்கினால் போதும். எடுத்துப் பார்த்தால் மருந்து உறைந்துபோயிருக்கிறது.

வலி ஊசி போட்ட பிறகு மருந்து வேலை செய்யும் வரை இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளமானது என்று வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும். கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ‘இன்னும் எவ்வளவு நேரம் சிஸ்டர்?’ என்று கேட்பார்கள். ‘இதோ, இப்போ சரியாயிடும்’ என்று தைரியமாகச் சொல்வேன், மருந்து உள்ளே போய்விட்டது என்ற நம்பிக்கையில். அந்த வார்த்தையைக்கூடச் சொல்ல முடியாத நிலையில் அந்தப் பையன்கள் யெலசாங்கோவின் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களும் அடிபட்டவர்கள்தான்.

ஆக்ஸிஜன் போய்விட்டதால் பிரவுன் நினைவிழந்தார். விமானம் சுழன்று விழுந்தது. கீழே காற்று அடர்த்தியாக இருக்குமே, அதுதான் அவரை எழுப்பியது. தரைக்கு நெருக்கத்தில் எப்படியோ நிமிர்த்திவிட்டார். அப்படித் தாழ்வாகத் தள்ளாடிப் போன விமானத்தைத்தான், எரிபொருள் நிரப்பத் தரையிறங்கியிருந்த ஸ்டிக்லர் பார்த்துத் துரத்திக்கொண்டு ஏறினார்.

பின்னால் வந்தவரை வால் துப்பாக்கி சுடவில்லை. கிட்டே போனார். விமானத்தின் உடம்பில் கிழிந்திருந்த ஓட்டைகள் வழியே, உள்ளே ஆட்கள் காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பாராசூட்டில் இறங்குகிறவனைச் சுட்டால் உன்னை நானே சுடுவேன் என்று அவருடைய மேலதிகாரி ரோடெல் ஒருமுறை சொல்லியிருந்தார். இவர்களும் பாராசூட்டில் தொங்குகிறவர்கள் மாதிரிதான் என்று ஸ்டிக்லருக்குத் தோன்றியது. கடல் வரை கூடவே பறந்துவந்து, சல்யூட் வைத்துவிட்டுத் திரும்பினார்.

அவர் செய்தது மிகப் பெரிய காரியம். வெளியே தெரிந்திருந்தால் அவர் உயிரே போயிருக்கும். ஆனால் அவர் கையைத் தடுத்த காட்சி எது? எக்கன்ரோட் இறந்துகிடந்த வால் பகுதியும், மருந்து இல்லாமல் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர்களும்தானே? அந்தக் காட்சியை விட்டுவிட்டு ஸ்டிக்லரின் இரக்கத்தை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும் என்பது என் எண்ணம்.

அப்புறமும் வட கடல் மேல் சுமார் 400 கிலோமீட்டர் தாண்டி, இங்கிலாந்தின் சீத்திங் தளத்தில் இறங்கினார்கள். நடந்ததைப் பிரவுன் சொன்னபோது, எதிரி விமானி மேல் யாருக்கும் பரிவு வந்துவிடக் கூடாது என்று மேலதிகாரிகள் வாயை மூடச் சொல்லிவிட்டார்கள். பல வருஷம் கழித்து அவர் அந்த ஜெர்மானியரைத் தேட ஆரம்பித்தார். போர் விமானிகள் சங்கம் ஒன்றின் செய்தி மடலுக்கு அவர் எழுதிய கடிதம் கனடாவில் குடியேறியிருந்த ஸ்டிக்லர் கண்ணில் பட்டு, 1990-இல் பதில் வந்தது. பத்திரிகைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. விமானக் குழுவினருக்கு உயரிய பதக்கங்கள் கிடைத்தது 2008-இல், சம்பவம் நடந்து 64 வருஷம் கழித்து. ஸ்டிக்லரும் பிரவுனும் அதே 2008-இல் காலமானார்கள்.

ஒரு வேண்டுகோள். திருத்தம் போடும்போது பத்துப் பேரின் பெயரையும் தயவுசெய்து போடுங்கள். பிரவுன், லூக், சடோக், ஆண்ட்ரூஸ், கூலோம்ப், பெச்சூட், பிளாக்ஃபோர்ட், யெலசாங்கோ, ஜென்னிங்ஸ், எக்கன்ரோட். நான் பதவி வரிசையில் எழுதிவிட்டேன். நீங்கள் எக்கன்ரோடின் பெயரை முதலில் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்